ஐஸ் கம்பெனி சூசையும் தொழில் கட்டமும்

இப்போதெல்லாம் ஒருவர் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க, போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் போதுமாம். தூத்துக்குடியில் நான் ஓய்வு பெற்ற தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஜெயந்தி போன வாரம் போன் செய்து சொன்னாள். வேலையில் அடிபட்டு மாதாமாதம் உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, "நான் இருக்கேன்" என்று தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். இனி அது வேண்டாம்.

"நல்லதுதானேளா, கால் இல்லாதவரை எதுக்குப் படியேத்தணும்?" என்றேன்.

"நல்லதுதான் அக்கா. ஆனா புதுசா வந்திருக்க நாலு பேரும் ஆளையே பாக்காம வேலை பழகுதாவ. நீங்க அந்த ஐஸ் கம்பெனி கேஸ எழுதிக் குடுங்களேன். நீங்க ரிட்டயர் ஆன விருந்து அன்னைக்குச் சொல்ல ஆரம்பிச்சீங்க, பிரியாணி வந்துட்டுன்னு நிறுத்திட்டீங்கல்லா."

உண்மைதான், நிறுத்திவிட்டேன். பிரியாணி ஆறினால் யார் தின்பது? கேஸ் எங்கேயும் ஓடிவிடாது என்று நினைத்தேன். இப்போது எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. கடைசியில் நாங்கள் ஜெயித்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் மரகதம். அப்பாவுக்கு மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து வாயை வளர்த்துக்கொண்டவள் நான். பரீட்சை எழுதினேன், குமாஸ்தாவாகச் சேர்ந்தேன், மூன்று மாதப் பயிற்சியில் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தேன். எங்கள் திட்டம் என்னவென்று யாராவது கேட்டால் இரண்டே வரியில் சொல்லிவிடலாம். தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் கொஞ்சம் கட்டுகிறார்கள். வேலையில் அடிபட்டு, அதற்குப் பிறகு பழையபடி உழைக்க முடியாமல் போனால், இழந்த திறன் எவ்வளவோ அதற்கு ஏற்ப ஆயுள் முழுக்க அந்தத் தொழிலாளிக்கு உதவித்தொகை வரும். எவ்வளவு இழந்தார், அந்த விபத்தால்தான் இழந்தாரா என்பதை மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்த குழு ஒன்று முடிவு செய்யும். அந்தக் குழுவுக்குப் போகிற ஃபைலைத் தயார் செய்வதுதான் என் வேலை.

இந்த இரண்டு வரியை எனக்கு உண்மையில் புரியவைத்தவர் ராமலிங்கம் சார். எங்கள் கிளை மேலாளர். பாளையங்கோட்டைக்காரர். ஒல்லியாக இருப்பார், குரலை உயர்த்தவே மாட்டார், எந்நேரமும் மேசையில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கும். அவர் சத்தம் போட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஃபைலை மூடி, வெந்நீரை ஒரு வாய் குடித்து, நம்மை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு இறங்காது. ஃபைலை எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முதல் பக்கத்துல எல்லாரும் சுத்தமா எழுதுவாங்க. கடைசிப் பக்கம் வரும்போதுதான் அலுப்புத் தட்டும். தப்பு அங்கதான் உக்காந்திருக்கும்" என்பார்.

எங்கள் கவுண்டர் முன்பு நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அவர் வந்த முதல் வாரமே தச்சரைக் கூப்பிட்டு அதன் ஒரு பகுதியை இடுப்பு உயரத்துக்கு அறுத்து இறக்கச் சொன்னார். எதிரே ஒரு நாற்காலி போட்டார். அடிபட்டு வந்தவர் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் பேச்சைத் தொடங்கவேண்டும். நின்றுகொண்டே ஒருவர் சொன்ன விவரத்தை எழுதினால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்.

நான் சேர்ந்து கொஞ்ச காலத்தில் ஒரு வலைக் கம்பெனிப் பெண் வந்தாள். இயந்திரத்தில் மாட்டி ஆள்காட்டி விரல் நுனி போயிருந்தது. நான் தொழில் என்ற கட்டத்தில் "கூலி" என்று எழுதி ஃபைலை அனுப்பினேன். சார் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு அங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தா?"

"கம்பெனி ரிஜிஸ்டர்ல கூலின்னு இருக்கு சார்."

"ரிஜிஸ்டரக் கேக்கல. அவளைக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஓடிப்போய் வெளியே உட்கார்ந்திருந்தவளைக் கேட்டேன். வலையை விரல் நுனியால் தடவிக்கொண்டே போய், முடிச்சு தளர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற வேலையாம். அந்த விரல் இல்லாமல் அந்த வேலை இல்லை. சார் சொன்னார்: "எவ்வளவு விரல் போச்சுன்னு டாக்டர் எழுதுவாரு. அந்த விரலால என்ன வேலை பாத்தான்னு நீதான் எழுதணும். அத எழுதாட்டா டாக்டருக்கு விரல் மட்டும்தான் தெரியும்." இதை எனக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது என்று அன்றைக்கு மார்தட்டிக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று முன்பே சொன்னேனே.

வருஷங்கள் ஓடின. நான் அந்தப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் ஆனேன். சார் வேறு ஊர்களுக்கெல்லாம் போய்விட்டு, ஓய்வு பெறும் சமயத்தில் மறுபடி எங்களிடமே வந்தார். அப்போதுதான் சூசை மிக்கேல் ஃபைல் வந்தது.

சூசை திரேஸ்புரத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் சங்கு குளிக்கப் போனவர். பிறகு கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனதும், நிலையான சம்பளம் வேண்டும் என்று ஐஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். மீன் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்கிற கம்பெனி. அங்கே அமோனியா வாயுவை அழுத்துகிற பெரிய கம்ப்ரசர்கள் ஓடும். ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு கம்ப்ரசரின் தலைப்பகுதி வெடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற சூசை தூக்கி எறியப்பட்டார். உடனே தண்ணீரைக் கொட்டிக் கழுவியதால் கண் தப்பித்தது. இரண்டு காதிலும் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நடந்தால் தள்ளாடினார்.

சிகிச்சை முடியும்வரை தற்காலிக உதவி கிடைத்தது. இனி சரியாகாது என்று ஆஸ்பத்திரி எழுதியதும் ஃபைல் மருத்துவர் குழுவுக்குப் போனது. குழுவின் தலைவர் ஒரு அம்மா. கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். சூசையின் காதைப் பார்த்ததும் செவிப்பறையில் பழைய தழும்பு இருப்பதைக் கவனித்திருக்கிறார். கேள்வியை ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: முன்பு எப்போதாவது காதில் பிரச்சினை இருந்ததா?

நம் ஊர் சங்குக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. அவர்களுக்குள் ஒரு பெருமை உண்டு. முதன்முதலில் ஆழத்துக்குப் போகும்போது காதில் ரத்தம் வரும். ரத்தம் வந்தும் மறுநாள் முங்கினவன்தான் ஆள் என்று பேர். கல்யாணப் பேச்சில்கூட மாப்பிள்ளை வீட்டார் இதைச் சொல்வார்கள். சூசை நிமிர்ந்து உட்கார்ந்து, தன் குரல் எவ்வளவு பெரிது என்று தனக்கே தெரியாமல், அறை அதிரச் சொல்லியிருக்கிறார்: "பதினாறு வயசுல ரெண்டு காதுலயும் ரத்தம் வந்துச்சு டாக்டர். மறுநாளே முங்குனேன். எங்க அய்யா பத்துப் பாகம் போனாவ, நான் பன்னெண்டு பாகம் போனேன். எல்லாம் இந்தக் காதுதான்."

பாகம் என்றால் கடல் ஆழத்தின் அளவு, ஏறக்குறைய ஆறடி. ஆள் தன் வாயாலேயே சொன்ன பிறகு டாக்டர் என்ன செய்வார்? சங்கு குளித்ததால் முன்பே வந்த காது நோய், விபத்தோடு தொடர்பில்லை என்று எழுதிவிட்டார். உதவித்தொகை கிடையாது. அந்த முடிவு என் மேசைக்கு வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், "பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நானும் கோப்பில் சேர்த்துக் கட்டினேன்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி செசிலி வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"யக்கா, நான் பணம் கேட்டு வரல. எங்க வீட்டுக்காரர நிறுத்தணும். மழை முடிஞ்சு கடல் தெளிஞ்சதும் சங்குக்குப் போறேங்காவ. பழைய கூட்டாளிங்க வள்ளத்துல சேத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாவளாம்."

"காது கேக்காதவர எப்படிச் சேப்பாவ?"

"தண்ணிக்குள்ள காது எதுக்குங்காவ இவுக. யக்கா, தரையில நடந்தாலே சரிஞ்சு விழுதாவ. முந்தாநாள் கடக்கரைல சும்மா நிக்கயில விழுந்தாவ. ஆழத்துக்குப் போனா எது மேல எது கீழன்னு இவுகளுக்குத் தெரியாதுக்கா. போனா வரமாட்டாவ." அழவில்லை. அடுத்து அவள் சொன்னதுதான் என்னைத் தூக்கிப் போட்டது. "கம்பெனில மிசின் சத்தத்தக் கேட்டே சொல்லுத வேலை பாத்தவுக. இன்னைக்கு நான் பக்கத்துல நின்னு கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்காவ."

"என்ன வேலைன்னு சொன்னே?"

"சத்தம் கேக்குத வேலைக்கா. எந்த மிசின் சரியா ஓடுது, எது கோளாறுன்னு சத்தத்த வச்சுச் சொல்லணும். அதுக்குத்தானே இவுகள உள்ள எடுத்தாவ."

நான் ஃபைலை எடுத்துப் பிரித்தேன். தொழில் என்ற கட்டம். என் கையெழுத்தில், அழகாக, கோணல் இல்லாமல்: உதவியாளர். கம்பெனி அனுப்பிய தாளில் அப்படித்தான் இருந்தது. நான் அந்த மனிதரைக் கேட்கவில்லை. காது கேட்காதவரிடம் எழுதிக் காட்டிக் கேட்பதற்குச் சோம்பல் பட்டேன். அதுதான் உண்மை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. செசிலியின் கையைப் பிடித்து, "இரு, போயிராத" என்று சொல்லிவிட்டு சார் அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். சார் ஃபைலை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை படித்தார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் வெந்நீர் குடித்தார். பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பிறகு அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு என் பக்கம் திருப்பினார். முக்கியமான உண்மை ஒன்று, தெரிந்தோ தெரியாமலோ, சொல்லப்படாமல் போனதால் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தால், புதிய சான்றைப் பார்த்து அதே குழு தன் முடிவைத் தானே திரும்பப் பரிசீலிக்கலாம். பயிற்சியில் நான் தூங்கிய பக்கமாக இருக்கும்.

"அவரு சத்தம் கேட்டு வேலை பாத்தார்னு அவர் சம்சாரம் சொன்னாப் போதாது, மரகதம். வெடிக்கிறதுக்கு முன்னால அவருக்குக் காது கேட்டுச்சுன்னு ஒரு காகிதம் சொல்லணும். அன்னைக்கு எழுதுன காகிதம். இன்னைக்கு எழுதுறது இல்ல."

"கம்பெனில மிசின் ஓடுறத மணிக்கு மணி எழுதுற லாக் புத்தகம் இருக்கும் சார்."

"அப்போ போயி வாங்கிட்டு வா" என்று பதிவேடுகளைப் பார்வையிட அதிகாரம் தரும் கடிதத்தை அங்கேயே தட்டச்சு செய்யச் சொன்னார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "கட்டத்த அப்புறம் திருத்திக்கலாம்" என்றார். திட்டு அவ்வளவுதான்.

கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் அன்று சாயங்காலமே திரேஸ்புரம் போனேன். சூசை வீட்டு வாசலில் முங்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செசிலி அவருக்கு ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் எழுதினேன்: உங்கள் கேஸை மறுபடி பார்க்கப் போகிறோம். அதுவரை கடலுக்குப் போகாதீர்கள்.

"எத்தன நாளு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

எனக்குத் தெரியாது. அதையே சிலேட்டில் எழுதினேன்.

"பாத்தியளா, ஒங்களுக்கே தெரியாது. ஒருக்கா இல்லன்னு எழுதுன கை மறுபடி உண்டுன்னு எழுதாது. நான் இருந்து சோறு திங்க முடியாதும்மா. என் பிள்ளைங்க மொகத்துல முழிக்க முடியல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிலேட்டைப் பிடுங்கி எழுதினேன்: உங்கள் வேலையை நான் தப்பாக எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது. அதைத் திருத்த எனக்கு நாள் தரமாட்டீர்களா?

அவர் இரண்டு முறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆபீஸ்காரர் ஒருவர் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்ததை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். "கடல் தெளியுத வரைக்கும் இருக்கேன்" என்றார். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் ஐஸ் கம்பெனி. அங்கே இருந்த மேனேஜர் சின்ன வயதுக்காரர், நல்ல சட்டை. கடிதத்தைப் பார்த்தார். பழைய லாக் புத்தகமெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டாச்சு என்றார். போன மாதம் கரையான் அரித்துவிட்டது என்று பிறகு சொன்னார். "பேப்பர்காரரா கரையானா, ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க தம்பி" என்றேன். முகம் சிவந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. புத்தகம் இருக்கிறது, அதில் இவர்களுக்குப் பிடிக்காதது ஏதோ எழுதியிருக்கிறது.

இயந்திர அறையைப் பார்க்கவேண்டும் என்றேன். உள்ளே பேச்சிமுத்து அண்ணாச்சி என்ற போர்மேன் இருந்தார். தலை நரைத்தவர், கையில் எண்ணெய்த் துணி. அவர் தன் பாட்டுக்கு ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "புத்தகம் கிடைக்கிற வரைக்கும் இங்கனதான் இருப்பேன், சாப்பாடு கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லித் தூக்குச்சட்டியைத் திறந்தேன். புளிச்சோறு, தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலி. கம்ப்ரசர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பசி நன்றாக இருந்தது. மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கை கழுவி வந்தபோது அண்ணாச்சி தன் துணி மாற்றும் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பழைய வேட்டியில் சுற்றி, தடித்த ஒரு புத்தகம்.

"இவ்வளவு நாள் ஏன் அண்ணாச்சி குடுக்கல?"

"யாரு கேட்டா? கேக்காம நானாக் கொண்டு போயி யாருகிட்ட நீட்ட? வால்வு மாத்தணும் மாத்தணும்னு நானும் இதுல எழுதியிருக்கேன். இது காணாமப் போயிட்டுன்னு வைங்க, எல்லாத்தையும் என் தலையில கட்டிருவாவ. அதான் எடுத்து வச்சேன். கடுதாசி கொண்டாந்து கேக்கீங்க, குடுக்கேன். எனக்கு ஒரு ரசீது மட்டும் எழுதித் தந்திருங்க."

எழுதிக் கொடுத்தேன். அங்கேயே நின்றபடி புத்தகத்தைப் புரட்டினேன். மணிக்கொரு முறை அழுத்தமும் குளிரும் எழுதிய கட்டங்கள். கடைசிக் கட்டம் குறிப்பு. அதில் சூசையின் பெரிய பெரிய எழுத்து. "இரண்டாம் கம்ப்ரசர் சத்தம் சரியில்லை." இரண்டு நாள் கழித்து, "இரண்டாம் கம்ப்ரசர், மேல் வால்வு அடிக்கிறது." அதற்குக் கீழே அண்ணாச்சியின் கையெழுத்து: "திறந்து பார்த்தேன். உண்மை. வால்வு மாற்ற வேண்டும்." இப்படி ஆறு இடத்தில். கடைசி வரி விபத்து நடந்த அன்று காலை ஒன்பது மணிக்கு: "சத்தம் கூடிவிட்டது. நிறுத்தச் சொன்னேன்."

வெடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை அந்த மனிதரின் காது, இத்தனை இயந்திரங்கள் இரைகிற அறையில், ஒரு வால்வின் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறது. சொன்னதை யாரும் கேட்காததால்தான் அந்தக் காது போயிருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சார் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். இந்த ஒரு புத்தகத்தை அப்படிப் படித்ததுதான் சரி. கடைசி வரிதான் அதில் முதலில் தெரிய வேண்டிய வரி. வெந்நீர் குடிக்கவில்லை. "ஒரு கேள்வி வரும்" என்றார். "மிஷின் மேல கைய வச்சா அதிர்வு தெரியும். காதே கேக்காதவனும் கைய வச்சுச் சொல்லிரலாமே. அந்தம்மா இத விடமாட்டாங்க. பதில் தேடி வை." நான் மறுபடி புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தேன். பதில் கிடைத்தது. பேச்சிமுத்து அண்ணாச்சியையும் சாட்சிக்கு வரச் சொன்னோம். வருவாரோ மாட்டாரோ என்று பயந்தேன். சலவை வேட்டியில், எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

குழு மறுபடி கூடியபோது கடல் தெளிய ஆரம்பித்துவிட்டது. சூசையின் கூட்டாளிகள் வள்ளத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு இல்லை என்று வந்தால் அடுத்த நாள் காலை அவர் கடலில் இருப்பார். செசிலி ஜெபமாலையை உள்ளங்கைக்குள் வைத்து நெரித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் அம்மா லாக் புத்தகத்தை நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு தேதியையும் விபத்துத் தாளோடு ஒப்பிட்டார். பிறகு, சார் சொன்ன அதே கேள்வி. "தொட்டுப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்கலாமே?"

நான் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அண்ணாச்சி எழுதியது: "சூசை வெளியே ஐஸ் ஏற்றும் மேடையிலிருந்து வந்து சொன்னார். திறந்து பார்த்தேன். வால்வுத் தகடு விரிசல்."

அம்மா அண்ணாச்சியைப் பார்த்தார். "மேடை எவ்வளவு தூரம்?"

"நடுவுல ஒரு சுவரு இருக்கும்மா. முப்பதடி இருக்கும். நான் மிசினு பக்கத்துலயே நிக்கேன், எனக்குத் தெரியல. இவன் வெளிய ஐஸ் ஏத்திக்கிட்டு நின்னவன் ஓடியாரான். ஏலே, ஒனக்கு மட்டும் எப்படிலே கேக்குன்னேன். தண்ணிக்கடியில முங்கிக் கெடக்கயில மேல வள்ளம் வாரது எந்தப் பக்கம்னு காத வச்சுத்தான் அண்ணாச்சி கண்டுபிடிப்போம்னு சொன்னான்."

அம்மா எழுந்துபோய் சூசையின் காதை மறுபடியும் விளக்கு வைத்துப் பார்த்தார். மற்ற இரண்டு டாக்டர்களையும் பார்க்கச் சொன்னார். மூன்று பேரும் ஒரு மூலையில் நின்று மெதுவாகப் பேசினார்கள். பிறகு அவரே சிலேட்டை எடுத்து எழுதினார்: இந்த வேலை பார்த்ததை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?

சூசை சத்தமாகச் சொன்னார்: "நீங்க சீக்கு உண்டான்னுதானே டாக்டர் கேட்டீங்க. வேலையக் கேக்கலியே."

அம்மா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் கேட்கவில்லை. உங்கள் ஃபைலும் சொல்லவில்லை" என்றார். "ஆமா மேடம், என் தப்பு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சிறு வயதில் ஏற்பட்ட காயம் ஆறிவிட்டது, செவித்திறனைப் பாதிக்கவில்லை. இரு காதுகளின் முழுச் செவிட்டுத்தன்மையும் தள்ளாட்டமும் வேலையில் நேர்ந்த வெடிவிபத்தால் வந்தவை. சம்பாதிக்கும் திறன் முழுவதும் இழப்பு. முந்தைய முடிவு ரத்து.

"என்ன எழுதுதாவ?" என்று சூசை கேட்டார். செசிலி சிலேட்டையும் குச்சியையும் என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கி எழுதினேன்: ஜெயித்துவிட்டோம். ஆயுள் முழுக்க வரும். கடலுக்குப் போக வேண்டாம்.

அவர் படித்தார். கண் கலங்கிவிட்டது. ஆனால் கேட்டது வேறு. "நான் சத்தம் கேட்டு வேலை பாத்தேன்னு அதுல எழுதியிருக்காவளா?"

தலையாட்டினேன். அவர் செசிலியின் தோளில் தட்டி, "எழுதியிருக்காவளாம்ளா" என்றார், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி. செசிலி அப்போதுதான் அழுதாள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. வராந்தாவில் நின்றிருந்த அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "ரசீது பத்திரமா இருக்கும்மா" என்றார்.

ராமலிங்கம் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சரி" என்றார். பிளாஸ்கைத் திறந்து இன்னொரு டம்ளர் எடுத்து எனக்கும் வெந்நீர் ஊற்றினார். அத்தனை வருஷத்தில் அவர் எனக்கு ஊற்றிக் கொடுத்தது அந்த ஒரு முறைதான். குடித்துப் பார்த்தேன், வெறும் வெந்நீர்தான்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். பிறகு நானும் மேலாளர் ஆனேன். சூசை வருஷாவருஷம் உயிர்ச் சான்றுத் தாளோடு வருவார், அறுத்து இறக்கிய கவுண்டர் முன்னால் அந்த நாற்காலியில் உட்காருவார். போனில் கண் சிமிட்டுகிற ஏற்பாடு என் கடைசி வருஷத்திலேயே சில பேருக்கு வந்துவிட்டது. அவர் மகன் செய்துகொடுக்கிறேன் என்றானாம், இவர் மாட்டேன் என்றாராம்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று மத்தியானம், பிரியாணி வருவதற்கு முன்னால், அவர் வந்தார். சலவைச் சட்டை, பக்கத்தில் செசிலி. தாளை நீட்டினார். அதிலும் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. முழு இழப்புக்காரர்கள் அதில் "இல்லை" என்று எழுதவேண்டும், அதுதான் வழக்கம். முந்தைய வருஷங்களிலெல்லாம் கவுண்டரில் இருப்பவர்களே அப்படி நிரப்பிவிடுவார்கள். அன்றைக்கு அவரே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். லாக் புத்தகத்தில் பார்த்த அதே பெரிய எழுத்து: கம்ப்ரசர் சத்தம் கேட்கிறவர்.

அடித்துவிட்டு "இல்லை" என்று எழுதச் சொல்வதுதான் முறை. நான் சொல்லவில்லை. கீழே அச்சடித்திருந்ததை ஒரு முறை முழுதாகப் படித்தேன். மேற்கண்டவர் இன்று என் முன் நேரில் வந்தார், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்றளிக்கிறேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். என் வேலைக் காலத்தில் நான் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான்.